எழுதியவர் பெயர் எங்கே?

யூசுப் இஸ்லாம் என்னும் பெயர் ஒலிக்காத மீலாது மேடை நம்மிடையே அரிது. கிரேக்கச் சைப்ரசுத் தந்தைக்கும் சுவீடன் நாட்டுத் தாய்க்கும் 1948-இல் இலண்டனில் பிறந்தவர். கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் ராக் இசையுலகில் கொடிகட்டிப் பறந்தவர். 1977-இல் இஸ்லாத்தைத் தழுவியவர். அவர் வரலாற்றை நம் பேச்சாளர்கள் எத்தனை முறை எடுத்துரைத்திருப்பார்கள்! கடலில் மூழ்கவிருந்தவர் இறைவனை அழைத்தார். அலை அவரைக் கரை சேர்த்தது. அண்ணன் கொடுத்த திருக்குர்ஆன் பிரதி அவர் நெஞ்சைத் திறந்தது. கிதாரை வீசி எறிந்தார். இத்துடன் பேச்சு முடியும். தக்பீர் முழங்கும். கூட்டம் கலையும்.

கதையில் பெரும் பிழை இல்லை. ஆனால் அது பாதிக் கதை. மறு பாதியை மறைத்துவிட்டு இந்தப் பாதியை மட்டும் முழங்குவதால் நம் சமுதாயத்துக்கு விளைந்த கேடு சிறிதன்று என்பதே என் வழக்கு.

முதலில், அவர் கிதாரை வீசி எறியவில்லை. தம் இசைக்கருவிகளை ஏலத்தில் விற்று, வந்த பணத்தை அறப்பணிக்குக் கொடுத்தார். இசைமேடையை விட்டு விலகிய அந்த ஆண்டுகளிலும் சொல்லை அவர் விட்டாரில்லை. தமக்குப் பிறந்த மூத்த மகளுக்கு அரபு எழுத்தும் அல்லாஹ்வின் பெயரும் கற்பிக்க ஒரு சிறு பாட்டு எழுதினார். 1983-இல் இலண்டனில் முஸ்லிம் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியைத் தொடங்கினார். பின்னர் 2006-இல், ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டு இடைவெளிக்குப் பின், மீண்டும் கிதாரை எடுத்துப் பாடி ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். தாம் ஏன் இன்னமும் கிதாரைச் சுமக்கிறோம் என்று 2014-இல் ஒரு சிறு நூலே எழுதினார். அவர் செய்தது சரியா தவறா என்பதை ஆலிம் பெருமக்கள் ஆராயட்டும். நான் அதில் தலையிடவில்லை. ஆனால் 2006-க்குப் பின்னும் 1979-இன் கதையையே சொல்லிக் கொண்டிருப்பது வரலாறா? ஒரு மனிதரின் வாழ்வை நமக்கு வசதியான இடத்தில் வெட்டி நிறுத்துவது நேர்மையாகுமா?

அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. அவர் பாடகர் மட்டும் அல்லர். தம் பாட்டுகளில் மிகப் பெரும்பாலானவற்றைத் தாமே எழுதியவர். அப்பாட்டுகளுள் ஒன்றின் கருத்தையேனும் நமக்கு எடுத்துச் சொன்ன பேச்சாளர் உண்டா? ‘ஃபாதர் அண்ட் சன்’ என்று ஒரு பாட்டு, 1970-இல் வெளிவந்தது. உருசியப் புரட்சியைப் பின்னணியாகக் கொண்ட ஓர் இசை நாடகத்துக்காக அவர் எண்ணிப் புனைந்தது. மகன் புரட்சிக்குப் புறப்படுகிறான். தந்தை அவனைத் தடுக்கிறார். நாடகம் மேடையேறவில்லை, பாட்டு நிலைத்துவிட்டது. இருவருக்கும் ஒரே மெட்டு. தந்தையின் குரல் தாழ்ந்து வருகிறது. மகனின் குரல் உயர்ந்து எழுகிறது. எவரும் எவரையும் வெல்வதில்லை. தந்தை சொல்வதைக் கேட்கையில் அவரே சரி என்று தோன்றும். மகன் வாய் திறந்ததும் அவன் பக்கம் மனம் சாயும். எழுதியபோது அவருக்கு இருபத்திரண்டு வயதுகூட நிரம்பியிருக்குமோ என்னவோ, ஆயினும் தந்தையின் நெஞ்சுக்குள் புகுந்து எழுதியிருக்கிறார். 2020-இல் அந்த இசைத்தொகுதி முழுவதையும் மறுபடி பாடிப் பதிவு செய்தபோது, மகனின் பகுதிக்குத் தம் இளமைக்காலப் பதிவிலிருந்த குரலையே வைத்துக்கொண்டு, தந்தையின் பகுதியை மட்டும் எழுபது வயது கடந்த குரலில் பாடினார். ஒரே மனிதர் தமக்குத் தாமே தந்தையாகி அறிவுரை சொல்லும் அந்த விந்தையை எந்த மேடையும் நமக்குச் சொல்லவில்லை. சபருக்குப் புறப்படும் மகனை வாசலில் நின்று தடுத்த வாப்பாமார்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தப் பாட்டு அந்நியமா?

எல்லாப் பாட்டும் அவர் எழுதியதன்று என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். விடியலைப் பாடும் அவருடைய தோத்திரப் பாட்டு உலகெங்கும் புகழ்பெற்றது. ஆங்கிலவழி மிஷன் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பலர் அதைக் காலை வழிபாட்டிலேயே பாடிப் பழகியிருப்பார்கள். அதன் சொற்கள் எலினார் ஃபார்ஜன் என்னும் ஆங்கிலப் பெண் கவிஞருடையவை. 1931-இல் ஒரு தோத்திரத் தொகுப்பில் வந்தவை. மெட்டு பழைய ஸ்காத்லாந்து நாட்டார் மெட்டு. பாடியவர் பெயர் ஓங்கி நின்றது. எழுதிய அம்மையாரின் பெயரைக் கேட்டால் விழிப்பவரே மிகுதி. பாட்டுலகின் பழைய நோய் இது. இந்த நோய் நம் வீட்டில் எவ்வளவு முற்றியிருக்கிறது என்பதற்கே இனி வருகிறேன்.

சென்ற கோடையில் ஏற்காட்டுக்குப் போயிருந்தோம். சேர்வராயன் மலைப் பள்ளியொன்றில் படிக்கும் என் மச்சான் மகனும் உடன் இருந்தான். ஏரிக்கரையில் அமர்ந்து மேற்சொன்ன தந்தை மகன் பாட்டை அவன் கைப்பேசியில் கேட்டுக்கொண்டிருந்தான். அதன் பொருளை எனக்கு வரிவரியாக விளக்கினான், நன்றாகவே விளக்கினான். பின்னர் கேட்டான்: “மாமு, நம்ம ஆளுங்கள்ல இப்படிப் பாட்டு எழுதுனவங்க யாருமே இல்லையா?”

அவனைக் குறை சொல்வதற்கில்லை. அன்று காலை சேலத்திலிருந்து அந்த மலைக்கு ஏறுமுன், ஏற்காட்டுச் சாலையிலேயே ஒரு பழைய முகப்பு வளைவைக் கடந்து வந்திருந்தோம். மாடர்ன் தியேட்டர்ஸ் படப்பிடிப்பு நிலையத்தில் இன்று எஞ்சி நிற்பது அந்த வளைவுதான். டி. ஆர். சுந்தரம் முப்பதுகளின் நடுவில் நிறுவி, மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) முதல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’ (1956) வரை உருவாக்கிய இடம் அது. பேருந்தில் போவோர் அதைக் காட்டி எம்.ஜி.ஆர். பெயரைச் சொல்வார்கள், கலைஞர் பெயரைச் சொல்வார்கள். ‘மந்திரி குமாரி’ (1950) அங்கேதான் உருவானது என்பார்கள். எல்லாம் உண்மையே. ஆனால் கலைஞரை அந்த நிறுவனத்துக்கு அறிமுகம் செய்து வைத்தவர் யார்? அபிவிருத்தீஸ்வரம் என்னும் தஞ்சைத் தரணிச் சிற்றூரில் 1914-இல் பிறந்து, நாற்பதுகளின் இறுதியில் அந்த வளைவுக்குள் அமர்ந்து பாட்டெழுதிக் கொண்டிருந்த கவி கா. மு. ஷெரீப். அவர் பெயரைச் சொல்வார் இல்லை. மலையேறிச் சென்று அந்நிய நாட்டுப் பாடகரின் பாட்டில் மனம் கரையும் நம் பிள்ளைக்கு, மலையடிவாரத்தில் இருந்த கவிஞரைக் காட்டிக்கொடுக்க நாம் மறந்துவிட்டோம்.

‘முதலாளி’ (1957) என்னும் படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய ஏரிக்கரைப் பாட்டை அறியாத தமிழர் உண்டா? கே. வி. மகாதேவன் இசை, எம். ஏ. வேணு தயாரிப்பு. எழுதியவர் ஷெரீப். (ஏற்காட்டு ஏரிக்கும் அதற்கும் உறவு கற்பிக்க நான் வரவில்லை, அது சமவெளிச் சிற்றூரின் ஏரிக்கரை.) ‘அன்னையின் ஆணை’ (1958) படத்தில் தாயின் பெருமையைப் பாடும் பாட்டு, தமிழ்நாட்டில் சாதி சமய வேறுபாடின்றி எல்லா வீட்டிலும் ஒலித்தது. அதுவும் அவருடையதே. ‘நான் பெற்ற செல்வம்’ (1956) படத்தில், உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் ஒருவனை விடாமல் பழிக்கும் உலகை நோக்கிய பாட்டும் அவருடையதே.

இவற்றினும் மேலாக நான் மதிப்பது ‘டவுன் பஸ்’ (1955) படத்துச் சிட்டுக்குருவிப் பாட்டு. கணவன் பிரிந்து போனான், வீடு திரும்பவில்லை, அவள் ஒரு சிட்டுக்குருவியிடம் பேசுகிறாள். அவ்வளவே செய்தி. நம் இலக்கியத்தில் இதற்குத் தூது என்று பெயர் வைத்து, அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் அனுப்பி, நூற்றுக்கணக்கில் கண்ணி எழுதினார்கள் புலவர்கள். ஷெரீப் அந்த மரபை எடுத்துக்கொண்டு ஒரு மாற்றம் செய்தார். அவர் படைத்த பெண் குருவியைத் தூது அனுப்பவில்லை. அதனிடம் தன் செய்தியைச் சொல்லி, இது உனக்குத் தெரியுமா என்றுதான் கேட்கிறாள். எங்கே அனுப்புவது என்று தெரிந்தால் அல்லவா தூது விடலாம்? முகவரி அற்ற பிரிவுக்கு அந்தக் கேள்வி ஒன்றே பொருந்தும். குருவியோ வீட்டு உத்திரத்தில் கூடு கட்டும் குருவி. அரண்மனை அன்னம் அன்று. சொற்கள் எல்லாம் அடுப்படியில் புழங்கும் சொற்கள். இப்படி எழுதுவது எளிது என்று எண்ணுவோர் ஒரு முறை எழுதிப் பார்க்கலாம்.

அந்தப் பாட்டை அவர் நம் பெண்களுக்காக எழுதினார் என்று சொல்ல நான் துணியேன். ஆயினும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் அதிராம்பட்டினத்திலும், கணவன்மார் பினாங்குக்கும் கொழும்புக்கும் பிற்காலத்தில் வளைகுடாவுக்கும் சபர் போய்விட, ஆண்டுக்கணக்கில் கடிதத்துக்குக் காத்திருந்த உம்மாமார்களுக்கு அந்தப் பாட்டின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. அதை எழுதியவர் ஒரு முஸ்லிம் கவிஞர் என்று மட்டும் எவரேனும் அவர்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

ஏன் சொல்லவில்லை? காரணம் கேட்டால் இரு திசையிலிருந்து இரு குரல் எழும்.

ஒரு குரல் நம் வீட்டுக் குரல். “அவர் சினிமாவுக்கு எழுதியவர்; சமுதாயக் கவிஞர் என்று எப்படிச் சொல்வது?” என்பது அது. இவ்வாறு கேட்போரை நான் திருப்பிக் கேட்கிறேன். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தை, ஐயாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களை, படித்துப் பொருள் சொல்லக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்? அந்தக் காப்பியத்துக்குத் தொடர் சொற்பொழிவாக விரிவான விளக்கம் செய்து நூல்களாக்கித் தந்தவர் இதே ஷெரீப்தான். ம. பொ. சிவஞானத்தின் தமிழரசுக் கழகத்தில் நின்று தமிழுக்கு உழைத்தவரும் இவரே. சினிமாவுக்கு எழுதிய கைதான் சீறாவுக்கும் விளக்கம் எழுதியது. ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறைப்பதற்கு மார்க்கத்தில் இடம் உண்டா?

கவிஞர்களைக் கண்டிக்கும் இறைவசனங்களை எடுத்துக்காட்டுவோர், அதே ‘அஷ்ஷுஅரா’ அத்தியாயம் ஈமான் கொண்டு நற்செயல் புரியும் கவிஞரை விலக்கி வைத்தே பேசுகிறது என்பதையும் சேர்த்துக் காட்ட வேண்டும். பெருமானார் (ஸல்) அவர்கள் ஹஸ்ஸான் இப்னு தாபித் (ரலி) அவர்களைக் கவி பாடச் செய்தார்கள். முன்பு தம்மை இகழ்ந்து பாடிய கஅப் இப்னு ஸுஹைர் (ரலி) மனம் திருந்தி வந்து பாடியபோது தம் போர்வையையே பரிசாக அளித்தார்கள். கவிதையில் ஞானம் உண்டு என்னும் கருத்தமைந்த நபிமொழி புகாரியில் இருக்கிறது. இசைக்கருவியைப் பற்றிய தீர்ப்பு வேறு. சொல்லைப் பற்றிய தீர்ப்பு வேறு. கருவி மேல் உள்ள ஐயத்தைச் சொல்லின் மேல் ஏற்றி, சொல்லை ஆண்டவனையே புறக்கணிப்பது நீதியன்று.

மற்றொரு குரல் தமிழிலக்கிய வட்டத்துக் குரல். மெட்டுக்கு எழுதியது கவிதை ஆகாது என்பார்கள் இவர்கள். 2016-இல் அமெரிக்கப் பாடகர் பாப் டிலனுக்கு இலக்கியத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. பாட்டு இலக்கியமா என்று உலகமே வாதிட்டது. நம் இலக்கிய இதழ்களும் அதில் கலந்துகொண்டன. டிலனின் வரிகளை மொழிபெயர்த்து மகிழ்ந்தன. நன்று. ஆனால் டிலனுக்குத் திறந்த அந்தக் கதவு ஷெரீபுக்கு மட்டும் ஏன் அடைபடுகிறது? ஆங்கிலத்தில் கிதாரோடு வந்தால் இலக்கியம். தமிழில் ஆர்மோனியத்தோடு வந்தால் வெறும் சினிமாப் பாட்டா? குணங்குடி மஸ்தான் சாகிபின் கண்ணிகளும் கீர்த்தனங்களும் பாடப்படுவதற்கே எழுந்தவை அல்லவா? நாமா, கிஸ்ஸா, முனாஜாத்து என்று நம் முன்னோர் வளர்த்தவையும் வாய்விட்டு ஓதவும் பாடவும் பிறந்தவையே. அவ்வளவு ஏன், சங்கத் தொகையான பரிபாடலையே எடுத்துப் பாருங்கள். பாட்டின் அடியில் பாடிய புலவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் என மூன்றையும் தனித்தனியே குறித்து வைத்திருக்கிறார்கள். மெட்டமைத்தவரையும் மறக்கவில்லை; எழுதியவரையும் மறக்கவில்லை. ஏடும் எழுத்தாணியும் இருந்த காலத்தில் இயன்றது, அச்சுக்கூடமும் ஒலிப்பதிவும் வந்த பின் ஏன் இயலாமற் போயிற்று?

நம் படங்களின் தொடக்க எழுத்துகளில் பாடலாசிரியர் மூவர் நால்வர் பெயரை ஒரே சட்டத்தில் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். எந்தப் பாட்டு எவருடையது என்று இராது. வானொலியில் படத்தின் பெயரும் பாடியவர் பெயரும் வரும். எழுதியவர் பெயர் வந்தால் அதிசயம். இதனால் யாருடைய பாட்டோ யாருடைய பெயரிலோ உலவுவது வழக்கமாகிவிட்டது. புகழ்பெற்ற பக்திப் படப் பாட்டொன்று ஷெரீபுடையதே என்று நம்மவர் சிலர் மேடைதோறும் வழக்காடுகிறார்கள். நான் அந்த வழக்கில் சேரமாட்டேன். பிறர் பெயரில் உள்ளதைக் கேட்டு வாய்ச்சண்டை போடுவானேன்? ஐயமின்றி அவருடையவை என நிற்கும் பாட்டுகளை முதலில் நாம் அறிவோமா? அவருடைய நூல்கள் நம் வீட்டு அலமாரியில் இருக்கின்றனவா?

சினிமாவை விட்டுவிடுவோம். முழுக்க முழுக்க நம்முடைய மேடையையே பார்ப்போம். இசைமுரசு நாகூர் ஈ. எம். ஹனிபா 1925-இல் பிறந்து 2015-இல் மறைந்தார். அந்தக் கணீர்க் குரல் ஒலிக்காத ரமலான் இரவு உண்டா? தகும், அந்தப் புகழ் அவருக்குத் தகும். ஆனால் அவர் பாடியவற்றுள் பலவற்றை எழுதிய புலவர் ஆபிதீன், கவிஞர் நாகூர் சலீம் ஆகியோரின் பெயர்களைத் திருமண வீட்டில் நின்று கேட்டுப் பாருங்கள். பத்துப் பேரில் ஒருவர் சொன்னால் பெரிது. பூஸரியின் கஸீதத்துல் புர்தாவை எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக, எழுதியவர் பெயர் மாறாமல் ஓதிவரும் சமுதாயம் நாம். ஹதீஸ் ஒன்றைச் சொன்னால் யார் வழியாக வந்தது என்று அறிவிப்பாளர் வரிசையை அடுக்கிக் கேட்கும் சமுதாயம் நாம். சொல் யாருடையது என்று பார்த்துப் பார்த்துக் காத்த அந்த மரபை, நம் தமிழ்க் கவிஞர்கள் வரும்போது மட்டும் கைவிட்டுவிட்டோம். பெயர் ஓர் அமானத் அல்லவா? அமானத்தை உரியவரிடம் சேர்ப்பது கடமை என்று நமக்கு நாமே நாள்தோறும் சொல்லிக்கொள்வது எதற்கு?

ஏரிக்கரையில் என்னிடம் கேட்ட பிள்ளைக்கு அன்றே ஷெரீபின் சிட்டுக்குருவிப் பாட்டைச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தான். “இதை உம்மா அடிக்கடி பாடுவாங்களே!” என்றான் பிறகு. உம்மாவுக்குப் பாட்டுத் தெரியும். பிள்ளைக்கும் பாட்டுத் தெரியும். எழுதியவர் பெயர் மட்டும் இருவருக்கும் தெரியவில்லை. 1994-இல் அவர் காலமாகி இத்தனை ஆண்டுகளுக்குப் பின்னும் இதே நிலை.

நம் இதழ்களும் மன்றங்களும் இதற்குச் செய்ய வேண்டியது மலையைப் புரட்டும் வேலை அன்று. மீலாது மேடையிலும் திருமண வீட்டிலும் பாடகர் ஒவ்வொரு பாட்டையும் தொடங்குமுன் எழுதியவர் பெயரைச் சொல்லியே தொடங்க வேண்டும் என்று விழாக் குழுவினர் விதி செய்யலாம். சொல்லாதவருக்கு அடுத்த ஆண்டு மேடை இல்லை என்றும் சொல்லலாம். யூசுப் இஸ்லாமைப் பற்றிப் பேசும் நண்பர்கள் 2006-ஐயும் சேர்த்துப் பேசட்டும். அவர் பாட்டொன்றின் கருத்தை நம் தாய்மாருக்கும் விளங்கும்படி எடுத்துச் சொல்லட்டும். அதே மூச்சில் ஷெரீபின் பாட்டொன்றையும், இசைக்கருவி ஏதுமின்றியே, சொல்லிக் காட்டட்டும்.

இன்னொன்று, இதைப் படிக்கும் குடும்பங்கள் மட்டுமே செய்யக்கூடியது. அந்நாளில் திரையரங்க வாசலில் ஓரணா இரண்டணாவுக்கு விற்ற பாட்டுப் புத்தகங்கள், பழைய இசைத்தட்டு உறைகள், இஸ்லாமியப் பாட்டுத் தொகுப்புகள் நம் வீட்டுப் பரண்களிலும் உம்மும்மாக்களின் தகரப் பெட்டிகளிலும் இன்னும் கிடக்கின்றன. பழைய தாள்காரனுக்கு நிறுத்துப் போடுமுன் ஒரு முறை பிரித்துப் பாருங்கள். பாட்டு, படம், ஆண்டு, எழுதியவர் பெயர் ஆகிய நான்கும் அச்சான பக்கம் ஒன்று கிடைத்தாலும் அதைப் படியெடுத்து ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். அட்டை போயிருந்தாலும், எலி கடித்திருந்தாலும் பாதகமில்லை.